ஊசி போட்டாச்சா?

அத்தியாயம் 14

போன வாரம் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுப் போனதற்கு எனக்கு நல்ல திட்டு. "ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின பெண்ணை ஒரு வாரமாகவா ரோட்டில் நிற்க வைப்பீர்கள், உங்களுக்கு ஈவிரக்கமே இல்லையா?" என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். இருக்கிறது தாயே, இருக்கிறது. இதோ வண்டி கிளம்பிவிட்டது.

ஓட்டுவது அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். பக்கத்து சீட்டில் தங்கை. முப்பத்தோரு வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிற வேலையில் பெரிய கெட்டிக்காரி, ஆனாலும் வீட்டில் அவளுக்குப் பெயர் இன்னமும் பொடிசுதான். பின் சீட்டில், யாரும் கூப்பிடாமலே வந்து ஏறிக்கொண்ட அத்தான். இந்த இருவருக்கும் மூத்தவளான அக்காவின் கணவர். லாரி ஓட்டுகிறவர்.

அக்கா இல்லை. அவள் போய் இரண்டு வருஷம் முடிந்து மூன்றாவது நடக்கிறது.

அவளுக்கு வந்த அதே வியாதிதான் இப்போது பொடிசுக்கும். லூபஸ் என்று பெயர். வீட்டைக் காக்க வேண்டிய காவல்காரன் வீட்டுக்காரரையே திருடன் என்று நினைத்து அடித்தால் எப்படி இருக்கும்? உடம்புக்குள் அதுதான் நடக்கிறது. பொடிசுக்கு அடி விழுவது சிறுநீரகத்தில். அந்தக் காவல்காரனை மயக்கிப் படுக்க வைக்க ஒரு மருந்து இருக்கிறது. டிரிப்பில் ஐந்து மணி நேரம் ஏற்ற வேண்டும். வீட்டில் அதை "பெரிய மருந்து" என்றுதான் சொல்வார்கள்.

அக்காவுக்கும் பெரிய மருந்து ஏற்றினார்கள். நன்றாகவே வேலை செய்தது. சிறுநீரகம் தேறியது, முகத்தில் களை வந்தது, எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். ஏழாவது வாரம் ஒரு இருமல் வந்தது. நிமோனியா என்றார்கள். ஐந்தே நாளில் முடிந்துபோனாள்.

இன்றைக்குப் பொடிசுக்குப் பெரிய மருந்து ஏற்றும் நாள். வண்டிக்குள் ஏன் யாரும் பேசவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

"ஏன் இப்படி உர்ருனு வர்றீங்க ரெண்டு பேரும்?" என்று கடைசியில் பொடிசுதான் வாயைத் திறந்தாள். "ஊசி குத்திக்கப் போறது நான். உங்களைப் பார்த்தா உங்களுக்குக் குத்தப் போற மாதிரி இருக்கு."

"நீ பேசாம வா," என்றான் அண்ணன்.

"பேசாமத்தான் வந்தேன். பயமா இருக்கு. அதான் பேசுறேன்."

அத்தான் பின்னாலிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். 

டிரிப் ஏற்றும் வார்டு மூன்றாவது மாடி. லிஃப்டில் ஏறியதும் அண்ணன் வழக்கம்போல் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். எந்த லிஃப்டில் ஏறினாலும் இப்படித்தான். ஆனால் அவன் கேட்பது கேபிள் சத்தத்தை இல்லை என்பது அவனுக்கு மட்டுமே தெரியும்.

அக்கா போனதிலிருந்து அவனுக்கு ஒரு தொல்லை. லிஃப்ட் ஓடுகிற அந்த ஆழமான குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போது, அடியிலிருந்து ஒரு இருமல் கேட்கும். வறட்டு இருமல். இரண்டு இருமி, நிறுத்தி, மூன்றாவதை அடக்கப் பார்க்கிற இருமல். அக்கா அப்படித்தான் இருமினாள், பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று. யாரோ ஒரு மாடியில் இருமுகிறார்கள், சத்தம் குழிக்குள் இறங்கி வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கிற கட்டடத்தில் கேட்டபோது அந்தச் சமாதானமும் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், இல்லையா?

இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதுவே அவனுக்கு என்னவோ போலிருந்தது.

வார்டில் ஜன்னலை ஒட்டி வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். பொடிசுக்கு மூன்றாவது நாற்காலி. அண்ணன் அப்படியே நின்றுவிட்டான். அன்றைக்கு டிரிப் முடிகிற நேரத்தில் அக்காவைக் கூட்டிப் போக வந்த அத்தானும் நின்றுவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"என்ன?" என்றாள் பொடிசு.

"ஒண்ணுமில்ல. உக்காரு."

"அக்கா இதுலதான் உக்காந்தாளா?"

பதில் வரவில்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்துக் காலோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நர்ஸ் வந்தாள். நடுத்தர வயது, கையில் அட்டை, வாயில் பேனா மூடி, ஒரே சமயத்தில் நாலு பேரைக் கவனிக்கிற அவசரம். அவளுடைய மூக்குக்கண்ணாடி வலது பக்கம் லேசாக இறங்கியிருந்தது. தொழில்காரி கண்ணுக்கு அது தப்புமா?

"சிஸ்டர், உங்க கண்ணாடிக் காம்பு வளைஞ்சிருக்கு. கடைப் பக்கம் வாங்க, நிமிர்த்தித் தர்றேன். இப்படியே போட்டா தலைவலி வரும்."

"தலைவலி கண்ணாடியால வருதுன்னா நினைக்கிறீங்க?" என்று நர்ஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அட்டையைத் திருப்பினாள். "சொல்லுங்க. ஜுரம் இருந்துச்சா?"

"இல்ல."

"சளி, இருமல்?"

"இல்ல."

"எதுக்காவது அலர்ஜி?"

"எங்க அண்ணன் பாட்டுப் பாடினா அலர்ஜி."

"அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லம்மா. ஊசி எல்லாம் போட்டாச்சா?"

"போட்டாச்சு சிஸ்டர்."

நர்ஸ் பேனாவால் ஒரு டிக் போட்டாள்.

இரண்டு அடி தள்ளி நின்றிருந்த அண்ணன் தற்செயலாகத்தான் அந்தத் தாளைப் பார்த்தான். எழுத்துகள் அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்தன. டிக் விழுந்த கட்டத்துக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

தடுப்பூசி.

ஊசி இல்லை. தடுப்பூசி.



நமக்கு எல்லாமே ஊசிதானே? ஜுரத்துக்குப் போடுவதும் ஊசி, வலிக்குப் போடுவதும் ஊசி, குழந்தைக்குப் போடுவதும் ஊசி. நாள் முழுக்க நூறு பேரிடம் கேட்கிற நர்ஸும் முழு வார்த்தையையும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள், ஊசி என்றுதான் கேட்பாள். பொடிசு சொன்னதும் பொய் இல்லை. போன மாதம் மூன்று நாள் தொடர்ந்து வந்து ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு போனாள், அவன்தான் கூட்டிவந்தான். அவளைப் பொறுத்தவரை ஊசி போட்டாச்சு.

ஆனால் அவனை உலுக்கியது பொடிசு சொன்ன பதில் இல்லை. இதே நாற்காலி. இதே கேள்வி. அன்றைக்கு அக்கா பதில் சொல்லவில்லை. அவளுக்கு ஊசி என்ற பேச்சை எடுத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கோ ஒரு லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டார் என்று அவனுக்குப் போன் மேல் போன். பதில் சொன்னது அவன்.

"போட்டாச்சு போட்டாச்சு. ஆரம்பிங்க சிஸ்டர்."

அவனும் ஸ்டீராய்டு ஊசியைத்தான் சொன்னான்.

நர்ஸ் இப்போது பொடிசின் கையைத் திருப்பி நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு நனைந்தது. மருந்துப் பை கம்பியில் தொங்கியது. அத்தான் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாயைத் திறந்தால் டிரிப் நிற்கும். ஆனால் ஏன் நிறுத்தச் சொன்னாய் என்று கேள்வி வரும். பதில் சொன்னால் அந்த ஸ்டூலில் இருக்கிற மனிதருக்குத் தன் மனைவி எதனால் செத்தாள் என்று தெரிந்துவிடும். யாரால் என்றும் தெரிந்துவிடும்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணன் அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றான். ஒருவேளை இவளுக்கு ஒன்றும் ஆகாது என்றுகூட நினைத்தான். அப்படி நினைத்ததற்காக அவன் தன்னை மன்னிக்கப் போவதில்லை. நீங்களும் மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத்தான் தெரியும்.

"சின்னதா ஒரு குத்து, அவ்வளவுதான்," என்றாள் நர்ஸ்.

"நிறுத்துங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸின் கை அந்தரத்தில் நின்றது.

"அவளுக்குத் தடுப்பூசி போடல சிஸ்டர். அவ சொன்னது ஸ்டீராய்டு ஊசி. தடுப்பூசி எதுவுமே போடல."

"என்ன சார் இப்போ வந்து சொல்றீங்க?"

"இப்போதான் எனக்கே புரிஞ்சுது."

ஃபைலைப் புரட்டினார்கள். ரத்தப் பரிசோதனைத் தாள்களுக்கு நடுவே, ஸ்கேன் உறைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு இளஞ்சிவப்புச் சீட்டு கிடந்தது. நிமோனியாத் தடுப்பூசி, ஃப்ளூ தடுப்பூசி என்று டாக்டர் ஆறு வாரத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்த சீட்டு. மடித்த மடிப்புக்கூடப் பிரியவில்லை. ஊசி அறையில் இரண்டு சீட்டு கொடுக்க வேண்டியிருந்திருக்கிறது, இவர்கள் ஒன்றைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தால், அந்தச் சீட்டின் மடிப்பைப் பிரித்து நீவினாள்.

"நான் தடுப்பூசின்னு கேட்டிருக்கணும்," என்று மெதுவாகச் சொன்னாள். "இருங்க. டாக்டரைக் கூப்பிடுறேன்."

டாக்டர் வந்து ஃபைலை நின்றபடியே படித்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு பொடிசுக்கு நேராக உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசுகிற டாக்டரைப் பார்த்தாலே நமக்குக் கொஞ்சம் பயம் வரும்தான்.

"இதுல நாள்தான் முக்கியம்மா. தடுப்பூசிங்கிறது உடம்புக்குப் பாடம் எடுக்கிற மாதிரி. இந்தக் கிருமி வந்தா இப்படி அடிச்சு விரட்டணும்னு சொல்லித் தர்றது. இந்தப் பெரிய மருந்து இருக்கே, அது பாடம் படிக்கிற அணுக்களையே காலி பண்ணிடும். மருந்தை ஏத்திட்டு அப்புறம் ஊசி போட்டா ஆறு மாசத்துக்குப் பெரிசா பிரயோஜனம் இல்ல. காலி வகுப்புல பாடம் நடத்துற கதைதான்."

"அப்போ முதல்ல தடுப்பூசி."

"ஆமா. போட்டுட்டு நாலு வாரம் காத்திருக்கணும். குறைஞ்சது ரெண்டு வாரமாவது. அதுக்குள்ள உடம்பு பாடத்தைப் படிச்சு முடிச்சிரும். அப்புறம் மருந்தை ஏத்தலாம்."

"நாலு வாரம் என் கிட்னி சும்மா இருக்குமா டாக்டர்?"

டாக்டர் ஃபைலை மறுபடி திறந்தார். கடைசியாக எடுத்த சிறுநீர்ப் பரிசோதனைத் தாளைத் தேடி எடுத்தார்.

"போன வாரக் கணக்குப்படி இழுத்துப் பிடிச்சா தாங்கும். மாத்திரை இப்போ இருக்கிற அளவுலயே ஓடட்டும். வாரா வாரம் டெஸ்ட். கால் வீக்கம் எதுவும் இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"நல்லது. அது வந்தாலோ, சிறுநீர் நுரைச்சுக்கிட்டுப் போனாலோ, மூச்சு வாங்கினாலோ அன்னைக்கே வந்துடணும். நாள் எண்ணிட்டு வீட்ல உக்காந்திருக்கக் கூடாது. அந்த நிலைமை வந்தா நாம தடுப்பூசிக்காகக் காத்திருக்க மாட்டோம். கிட்னியைத்தான் முதல்ல காப்பாத்துவோம். புரியுதா?"

"புரியுது."

அண்ணன் குறுக்கே புகுந்தான். "அப்போ இருக்கிற எல்லாத் தடுப்பூசியையும் இன்னிக்கே சேர்த்துப் போட்டுடுங்க டாக்டர். ஒண்ணு விடாம."

"அப்படி எல்லாத்தையும் போட முடியாது சார். சில தடுப்பூசியில உயிருள்ள கிருமி இருக்கும், பலம் குறைச்சு வச்சிருப்பாங்க. நல்லா இருக்கிறவங்களுக்கு அது ஒண்ணும் செய்யாது. இவங்க ஸ்டீராய்டுல இருக்காங்க, இவங்களுக்கு அது ஆகாது. இந்த ரெண்டும் அந்த வகை இல்ல. அதனால தைரியமாப் போடலாம். நீங்க வீட்ல இருக்கிறவங்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கங்க. வெளியிலேருந்து நீங்கதானே கிருமியைக் கூட்டிட்டு வரப் போறீங்க?"

அண்ணன் தலையாட்டினான். இத்தனை தெளிவாகச் சொல்கிறார்களே, அன்றைக்கு ஏன் நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"முடிவு உங்களோடதுதான்," என்று டாக்டர் பொடிசைப் பார்த்துச் சொன்னார். "இன்னிக்கே மருந்து வேணும்னாலும் ஏத்தலாம், அதுல இருக்கிற ஆபத்தோட. எனக்குக் காத்திருக்கிறதுதான் சரின்னு படுது."

"காத்திருக்கேன்," என்றாள் அவள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவளுக்கு ஊசி போடுகிற நேரத்தில் அண்ணன் வெளியே வந்தான். நடைபாதையின் கோடியில் தேநீர் மிஷின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அத்தான் அதன் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் கோப்பை இல்லை. முகத்தில் ஈயாடவில்லை.

சொல்லிவிடு என்று ஒரு மனம். இப்போது வேண்டாம் என்று ஒரு மனம். இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் முந்திக்கொண்டது.

"அத்தான், அன்னிக்கு அக்காகிட்டயும் இதே கேள்வி கேட்டாங்க. அவ வாயைத் திறக்கல. நான்தான் போட்டாச்சுன்னு சொன்னேன். ஸ்டீராய்டு ஊசியை நினைச்சுச் சொல்லிட்டேன். எனக்கு அவசரம், வேலைக்குப் போகணும்னு." மூச்சு வாங்கியது. "நான்தான் அத்தான். அவளைக் கொன்னது நான்தான்."

அறைவார் என்று எதிர்பார்த்தான். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அத்தான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ சொன்னது சரிதான் மாப்ளே," என்றார்.

"என்ன?"

"போட்டாச்சுதான். அவளுக்கு நிமோனியா தடுப்பூசி போட்டாச்சு. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"டாக்டர் ஒரு மாசத்துக்கு முன்னாடியே சீட்டு எழுதிக் கொடுத்தாரு. அவளுக்கு ஊசின்னா உயிர் போயிடும், உனக்குத் தெரியும்ல? நீ கூட்டிட்டுப் போனப்பகூட மூணு நாளும் அழுதாளாம். இந்த ஊசிக்கு நான் பக்கத்துல நின்னு கையைப் பிடிச்சுக்கணும்னு சொன்னா. நான் லோடோட வெளியூர்ல இருந்தேன். நாளைக்கு வந்துடுறேன்னேன். அங்கேருந்து இன்னொரு லோடு ஏத்தச் சொன்னாங்க, போனேன். அப்புறம் இன்னொண்ணு. வீட்டுக்கு வந்து சேர்ந்தப்போ பெரிய மருந்து ஏத்துறதுக்கு நாலு நாள்தான் பாக்கி."

"நாலு நாளா?"

"நாலே நாள். அன்னிக்கே கூட்டிட்டுப் போய்ப் போட்டோம். கையைப் பிடிச்சுக்கிட்டேன். போட்டாச்சு, முடிஞ்சதுன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்தோம். அவ போனப்புறம் ஒரு டாக்டர்கிட்ட கேட்டேன். நாலு நாள் பத்தாதுன்னாரு." அத்தான் தேநீர் மிஷினைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரெண்டு வருஷமா இதை வயித்துல வச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்து போயிட்டிருக்கேன். இன்னிக்கு அந்த நர்ஸம்மா கேட்டதும் எனக்கு உசிரே இல்ல. போட்டாச்சான்னு கேக்கிறாங்க. எப்போன்னு கேக்க மாட்டேங்கிறாங்க. நானும் அன்னிக்கு எப்போன்னு யார்கிட்டயும் சொல்லல."

அண்ணன் சுவரில் சாய்ந்தான். லிஃப்ட் வேலையில் ஒவ்வொரு மோட்டார் அறையிலும் ஒரு அட்டை தொங்கும். எண்ணெய் போட்டாச்சு என்று மொட்டையாக எழுதினால் மேற்பார்வையாளர் அட்டையை மூஞ்சியில் வீசுவார். தேதி எழுது, தேதி இல்லாத வேலை செய்யாத வேலை என்பார். பதினெட்டு வருஷமாகத் தேதி எழுதிய கை இவனுடையது. அன்றைக்கு அந்த ஒரு கேள்விக்குத் தேதி சொல்லத் தோன்றவில்லை, சொல்லத் தேதியும் அவனிடம் இல்லை.

"ஏன் அத்தான் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

"எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்!"

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பியா?"

அண்ணனுக்கு அந்த அரை நிமிஷம் நினைவுக்கு வந்தது. 

"லோடு ஏத்தப் போனது என் தப்பு," என்றார் அத்தான்.

"விசாரிக்காம வாயைத் திறந்தது என் தப்பு. நான் எப்போன்னு உங்ககிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா அவங்க டிரிப்பைத் தள்ளி வச்சிருப்பாங்க."

"நான் வந்திருந்தா நீ போனே போட வேண்டியதில்லயே!"

"அப்படியில்ல அத்தான், நான்..."

"போதும்!"

இருவரும் திரும்பினார்கள். பொடிசு நின்றிருந்தாள். இரண்டு கையிலும் மேல்புறத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முழுக்கக் கேட்டிருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அக்காவைக் கொன்னது யாருன்னு ரெண்டு பேரும் ஏலம் விடுறீங்களா?" அவள் அழுதுகொண்டே கேட்டாள். "அவளை நினைச்சு நீங்க அழுதா நானும் சேர்ந்து அழுவேன். ஆனா என்னைப் பார்க்கிறப்பெல்லாம் அவளையே பார்க்கிறீங்க. காலையிலேருந்து பார்க்கிறேன். நான் சாப்பிட்டா அவ சாப்பிட்ட மாதிரி பார்க்கிறீங்க, நான் தும்மினா பேயறைஞ்ச மாதிரி எந்திரிக்கிறீங்க. நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். அது யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

இரண்டு ஆண்களும் குற்றவாளிகள் மாதிரி நின்றார்கள். திட்டு வாங்க வேண்டியவர்கள்தான், வாங்கட்டும்.

அண்ணன் போய் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். "ஞாபகம் இருக்குடி. இருக்கு. அதனாலதான் கத்தினேன்."

"கத்தினது நல்லதுதான்," என்றாள் அவன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தபடி. "பாட்டைவிட நல்லாத்தான் இருந்துச்சு."

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவளுடைய கைப்பையைத் தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். போனில் தேதி பார்த்து, இன்றிலிருந்து இருபத்தெட்டு நாளை விரல்விட்டு எண்ணினான். வாராவாரம் டெஸ்டுக்கு விடுப்பு சொல்லிவிடுகிறேன் என்றான். நாளைக்கே அத்தானும் தானும் போய் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வோம் என்றான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் குரலில் ஒரு தெம்பு இருந்தது.

"வாசல்ல நில்லுங்க. வண்டியை எடுத்துட்டு வர்றேன்," என்று வேகமாக நடந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. பொடிசு அதில் உட்கார்ந்தாள். வார்டிலிருந்து செருப்பின் வாரை மாட்டாமலே, சும்மா காலை நுழைத்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது குனிந்து வாரை மாட்டப் பார்த்தாள். மாட்டவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். கடைசி ஓட்டைக்கே விரற்கடை தூரம் குறைந்தது.

"இரும்மா, நான் போட்டு விடுறேன். கையில ஊசி வலிக்கும்," என்று அத்தான் அவள் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வேணாம் அத்தான்."

அதற்குள் அவர் கணுக்காலைப் பிடித்துவிட்டார். பிடித்த கையை எடுத்தார். அவருடைய கட்டைவிரல் அழுந்திய இடத்தில் ஒரு குழி. அது நிரம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நிரம்பவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்தும்மா இந்த வீக்கம்?"

"ஞாயித்துக்கிழமைலேருந்து."

"டாக்டர் கேட்டாரே! இல்லன்னு சொன்னியே!"

"ஆமான்னு சொல்லியிருந்தா இன்னிக்கே மருந்தை ஏத்தியிருப்பாங்க." அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "கிட்னி போனா டயாலிசிஸ் மிஷின்ல போட்டாவது பிழைச்சுக்குவேன் அத்தான். அக்கா மாதிரி மூச்சு முட்டிச் சாக என்னால முடியாது. கடைசி நாள் நானும் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய டாக்டர்கிட்ட பேசிட்டிருந்தீங்க. அவ என் கையைப் பிடிச்சிருந்தது எனக்குத்தான் தெரியும். இருபத்தெட்டு நாள். இல்லன்னா பதினாலு நாளாவது. அதுவரைக்கும் ஊசி வேலை செய்யட்டும். அப்புறம் நானே போய்ச் சொல்றேன்."

"அது தப்பும்மா."

"தெரியும். அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா இப்பவே தூக்கிட்டு மேல ஓடுவான். என்னை அந்த நாற்காலியில திரும்ப உக்கார வைக்காதீங்க அத்தான். உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன்."

மனைவியின் முகச்சாடை கொண்ட பெண் கண்ணில் நீரோடு கெஞ்சுகிறாள். மூன்றாவது மாடியில் டாக்டர் இன்னும் இருக்கிறார். லிஃப்டில் ஏறினால் ஒரு நிமிஷம்.

வண்டி வந்து நின்றது. அண்ணன் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன அத்தான், கீழே உக்காந்திருக்கீங்க? என்ன ஆச்சு?"

அத்தான் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். 

"ஒண்ணுமில்ல மாப்ளே," என்றார். "செருப்பு வார் அறுந்துபோச்சு."

சொல்லிவிட்டு, அண்ணன் கண்ணில் படாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு, நன்றாக இருந்த அந்த வாரைத் தன் கையாலேயே இழுத்து அறுத்தார்.